குருசடி வளைவு

எங்கள் ஊர்ச் சாலையைப் பற்றி முதன்முதலில் மனு எழுதியபோது, அது மிகவும் மோசமாக இருக்கிறது என்று எழுதினோம். அது நன்றாக இருப்பதால் விளைந்த கேட்டைப் பற்றிப் பின்னொரு நாள் மனு எழுத நேரும் என்று அப்போது எங்களில் யாரும் நினைக்கவில்லை.

விளவங்கோடு வட்டத்தில், மார்த்தாண்டத்துக்கு வடக்கே, ரப்பர்த் தோட்டங்களுக்கும் கல் மதில்களுக்கும் நடுவே ஏறியும் இறங்கியும் வளைந்தும் செல்லும் ஒடுங்கிய சாலை அது. எதிரெதிரே இரண்டு பேருந்துகள் வந்துவிட்டால், ஒன்று பின்வாங்கி ஏதேனும் ஒரு வீட்டு வாசலில் ஒதுங்கி நிற்க வேண்டும். இறக்கம் முடிந்து சாலை திரும்பும் இடத்தில் எங்கள் முன்னோர் கட்டிய குருசடி ஒன்று உண்டு. அதனால் அவ்விடத்துக்குக் குருசடி வளைவு என்று பெயர். வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே மெழுகுதிரி ஏற்றுவோம். செபமாலை மாதமாகிய அக்டோபரில் அன்பியம் அன்பியமாகக் கூடிச் செபிப்போம்.

அந்தச் சாலை நெடுங்காலம் குண்டும் குழியுமாகக் கிடந்தது. மழைக்காலத்தில் எது குழி, எது சாலை என்று தெரியாமல் மிதிவண்டியோடு விழுந்து எழுந்தவர்கள் எங்களில் பலர். மனு மேல் மனு கொடுத்து, கடைசியில் 2021-ஆம் ஆண்டு புதிய தார் போட்டார்கள். ஆலயத்தில் நன்றி மன்றாட்டு எழுப்பினோம். சிறுவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கரிய வழவழப்பில் ஓடிப் பார்த்தார்கள். அதுவரை அந்தக் குழிகள்தாம் எங்களைக் காத்து வந்தன என்பது சில வாரங்களில் தெரிந்தது. மார்த்தாண்டம் சந்திப்பின் நெரிசலைத் தவிர்க்க விரும்பியவர்கள் எங்கள் சாலையைக் குறுக்குவழியாகக் கண்டுகொண்டார்கள். கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிச் செல்லும் டாரஸ் லாரிகள் இரவிலும் விடியலிலும் வீட்டுச் சுவர்கள் அதிர ஓடின. இறக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள் பறந்து வந்தன.

எங்கள் ஆலயத்தில் முதல் மணி காலை ஐந்து மணிக்கு. முக்காடிட்ட முதிய தாய்மார்கள் கையில் டார்ச் விளக்குடன் சாலையோரமாக நடந்து வருவார்கள். நடைபாதை என்று ஒன்று கிடையாது. தாருக்கும் ஓடைக்கும் நடுவே ஒரு முழ அகலமே மண் தரை. அதிலும் பாதியைச் செடிகொடிகள் பிடித்திருக்கும். அந்த ஒரு முழத்தை நம்பித்தான் நாங்கள் திருப்பலிக்கும், பிள்ளைகள் பள்ளிக்கும், பால்வெட்டுக்காரர்கள் தோட்டங்களுக்கும் போய் வந்தோம்.

"வெளியூர்க்காரர்களால்தான் இந்த அழிவு" என்று பேசத் தொடங்கினோம். அந்தச் சொல் எங்களுக்கு மிகவும் வசதியாக இருந்தது. சாலை எந்தத் துறைக்கு உரியது என்று கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனால், அங்கிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து மீண்டும் முதல் அலுவலகத்துக்கு. திங்கட்கிழமைகளில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்காக நாகர்கோவில் வரை இரண்டு முறை சென்றோம். ஒரு நாள் பொறுமையிழந்து மறியலும் செய்தோம். அதன்பின் சில வாரங்கள் பள்ளி நேரத்தில் லாரிகள் வரவில்லை, பிறகு வந்தன.

அடுத்து நாங்கள் செய்ததைச் சொல்லச் சற்று வெட்கமாக இருக்கிறது. ஓர் இரவில், ஒரு வீட்டுக் கட்டுமான வேலையில் மிஞ்சிய சிமெண்டையும் ஜல்லியையும் கொண்டு, குருசடிக்கு மேற்புறம் நாங்களே ஒரு வேகத்தடை கட்டினோம். வேகத்தடைக்கு இலக்கணம் உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-ஆம் ஆண்டு வகுத்த விதியின்படி அது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு வட்ட வில்லாக அமைய வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி அதன் மேல் அலுங்காமல் ஏறி இறங்கும். நாங்கள் கட்டியதோ ஓர் அடி அகலமும் ஏறக்குறைய அரை அடி உயரமுமாக, சாலையில் படுத்த சுவர் போல இருந்தது. வெள்ளை வண்ணம் பூச மறுநாள் ஆள் வருவதாக இருந்தது, வரவில்லை. நான்காம் நாள் இரவு, எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த ஒரு பெண், மடியில் மூன்று வயதுக் குழந்தையோடு கணவனின் வண்டிக்குப் பின்னே அமர்ந்து வந்தவள், அந்தத் தடையில் தூக்கி எறியப்பட்டாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. தடையைக் கட்டிய அதே கைகள் அன்றிரவே கடப்பாரையால் அதை உடைத்தன.

இவ்வளவும் நடந்தபின்தான் அந்த நவம்பர் மாதம் வந்தது. 2022-ஆம் ஆண்டு.

எங்களுள் ஒருவர் பால்வெட்டுத் தொழிலாளி. ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர். எங்களில் இளையவர்கள் எல்லாரும் அவரை அண்ணன் என்றே அழைப்பார்கள். ரப்பர் மரத்தை விடியலின் குளிரில் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். ஆகவே அவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நான்கரை மணிக்கே மிதிவண்டியில் புறப்பட்டுவிடுவார். சரிவில் ஏறி இறங்கி, மரத்துக்கு மரம் குனிந்து, ஒரு காலையில் முந்நூறு மரங்கள் வரை வெட்டுவார். அன்று மழை பெய்ததால் தாமதமாக, ஐந்தரை மணி அளவில் குருசடி வளைவுக்கு வந்தபோது, இறக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிள் அவரை மோதி ஓடைக்குள் தள்ளியது. வலது முழங்கால் நொறுங்கியது.

சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள், "எந்த ஊர்க்காரன்டா நீ?" என்று கத்தியபடியே வந்தார்கள். அருகில் வந்து டார்ச் அடித்துப் பார்த்தவர்கள் பேச்சற்று நின்றார்கள். சாலையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தவன் எங்கள் அன்பியத்துப் பையன். பதினாறு வயது. ஆறு மணி டியூஷனுக்காகத் தந்தையின் வண்டியில் விரைந்தவன். அவன் உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டுவது எங்கள் அனைவருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டியைப் பின்னால் அமர்த்தி ஆலய வாசலில் கொண்டு இறக்குவான்; "பாட்டி மேல் எவ்வளவு பாசம் பாருங்கள்" என்று பாராட்டியவர்கள் நாங்கள். அந்த வண்டி வாங்கியபோது ஆலய முற்றத்தில் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கப்பட்டதும், அதன் முகப்பில் மாதா படம் ஒட்டப்பட்டிருந்ததும் எங்களுக்கு நினைவிருக்கிறது.

அன்று மாலை எங்களில் பத்துப் பேர் மருத்துவமனைக்குப் போனோம். பழம், ரொட்டி, கொஞ்சம் பணம் எல்லாம் எடுத்துச் சென்றோம். அண்ணனின் கட்டிலைச் சுற்றி நின்று ஒரு செபமும் சொன்னோம். பிறகு எங்களுள் மூத்தவர் ஒருவர் தாழ்ந்த குரலில் விஷயத்தைத் தொடங்கினார். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம் கடுமையாகிவிட்டது. வயது நிறையாதவன் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு இரத்தாகும். பையனுக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடையாது. "நம்முடைய பிள்ளை. படிக்கிற பிள்ளை. மிதிவண்டியிலிருந்து தவறி விழுந்ததாகச் சொல்லிவிட்டால் போதும்" என்றார் அவர். நாங்கள் ஒன்பது பேரும் தலையசைத்தோம்.

அண்ணன் நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "செரி, அப்படியே சொல்லுங்க" என்றார். அப்படியே பதிவாயிற்று.

அதை நாங்கள் இரக்கம் என்றே அழைத்தோம். ஒருவர் அதை மன்னிப்பு என்று கூடச் சொன்னார். மோதியவன் ஒரு டாரஸ் ஓட்டுநராக இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்பதை எவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. லாரியைச் சிறைபிடித்திருப்போம், வழக்குப் பதியும் வரை சாலையை விட்டு எழுந்திருக்க மாட்டோம், இழப்பீட்டுக்காக வழக்குரைஞரை நாங்களே அமர்த்தியிருப்போம். இங்கே இரக்கம் காட்டியவர்கள் நாங்கள். அதற்கு விலை கொடுத்தவர் அண்ணன். தவறி விழுந்தவருக்கு வாகனக் காப்பீட்டிலிருந்து இழப்பீடு ஏது? நாங்கள் திரட்டிக் கொடுத்த பணம் அறுவைச் சிகிச்சைக்கும் முதல் சில மாதங்களுக்கும் சரியாகப் போயிற்று. முழங்கால் மடங்காத மனிதரால் ரப்பர்ச் சரிவில் ஏற முடியாது. அவருடைய மனைவி முந்திரி ஆலை வேலைக்குப் போகத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டு நவம்பர். இறந்தோரை நினைக்கும் மாதம். அம்மாதத்தின் மூன்றாம் ஞாயிறு, சாலை விபத்துகளில் மாண்டோரை நினைவுகூரும் உலக நாளாகவும் உள்ளது, ஐ.நா. பொதுச் சபை 2005-ஆம் ஆண்டு அதை ஏற்றுக்கொண்டது. எங்கள் பங்குத்தந்தை அன்றைய மறையுரையில் இதை எடுத்துப் பேசினார். 2022-ஆம் ஆண்டில் நாட்டிலேயே மிக அதிகமான சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு என்றும், அவ்வாண்டு இங்கே நிகழ்ந்த 64,105 விபத்துகளில் 17,884 பேர் இறந்தார்கள் என்றும் மத்திய அரசின் அறிக்கையிலிருந்து சொன்னார். அண்ணன் வழக்கம்போல் கடைசி வரிசையில், காலை நீட்டியபடி அமர்ந்திருந்தார். அந்த 64,105-இல் அவருடைய விபத்து இல்லை என்பது எங்களில் பத்துப் பேருக்குத் தெரியும்.

தந்தையவர்கள் மேலும் சொன்னவை எங்களில் பலருக்குப் புதியவை. வேக வரம்பை மதிக்காதவர்கள் தம் உயிரையும் பிறர் உயிரையும் இடருக்கு உள்ளாக்குகிறார்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இலேயே, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில் கண்டித்திருக்கிறதாம். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், குடிவெறியோடு வேகமோகத்தையும் சேர்த்து வைத்து, அவற்றால் சாலையில் பிறரை ஆபத்துக்கு உள்ளாக்குவது கனமான குற்றம் என்கிறதாம். 2007-இல் வத்திக்கான் வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணி வழிகாட்டியில் வாகன ஓட்டிகளுக்கென்றே பத்துக் கட்டளைகள் இருக்கின்றனவாம். கொலை செய்யாதே என்பதே அவற்றில் முதலாவது. வலிமை குறைந்தவரைச் சாலையில் காக்க வேண்டும், விபத்துக்கு உள்ளானவர்களின் குடும்பங்களைத் தாங்க வேண்டும் என்பவையும் அவற்றுள் உண்டு. குற்றம் செய்த ஓட்டுநரையும் பாதிக்கப்பட்டவரையும் தக்க காலத்தில் நேருக்கு நேர் சந்திக்கச் செய்து, மன்னிப்பின் விடுதலையை அவர்கள் உணர வழிசெய்ய வேண்டும் என்றும் ஒரு கட்டளை சொல்கிறது.

நேருக்கு நேர். அந்தச் சொல்லைக் கேட்டபோது எங்களில் சிலர் பின்வரிசையைத் திரும்பிப் பார்க்க அஞ்சினோம். கோபத்தையும் பொய்யையும் ஞாயிறு திருப்பலியைத் தவறவிட்டதையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பழகிய நாங்கள், வண்டியின் வேகத்தை ஒருபோதும் சொன்னதில்லை என்று பிற்பாடு ஒருவருக்கொருவர் ஒப்புக்கொண்டோம்.

எங்கள் அன்பியத்தில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். கணக்கு வாத்தியார். அந்தத் திருவருகைக் காலத்தில் அவர் குருசடித் திண்ணையில் ஒரு கைக்கடிகாரத்தோடும் பழைய வருகைப் பதிவேட்டோடும் உட்காரத் தொடங்கினார். சாலையோர மதிலில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகள். ஒரு வண்டி அந்த இடைவெளியை ஆறு வினாடியில் கடந்தால் அதன் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். மூன்று வினாடியில் கடந்தால் 60. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை, அருகில் வந்து நின்ற மறைக்கல்விப் பிள்ளைகளுக்குத் தரையில் கரியால் எழுதிக் காட்டினார். அறுபதில் வருகிறவன் ஆளைக் கண்டு திடுக்கிட்டுப் பிரேக்கில் கால் வைக்கும் அந்த ஒரு வினாடிக்குள் வண்டி ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். குருசடி வளைவில் முன்னால் கண்ணுக்குத் தெரியும் தூரமே அதைவிடச் சற்றுத்தான் அதிகம்.

இரண்டு வாரம் கழித்து, அன்பியக் கூட்டத்தில் அவர் பதிவேட்டைத் திறந்தார். பெயர் எதையும் படிக்கவில்லை. வண்டி எண்ணையும் படிக்கவில்லை. நாள், நேரம், வண்டியின் வகை, வினாடி, இவ்வளவுதான். ஆனால் ஊர்க்காரர்களுக்கு அது போதுமே! டாரஸ் லாரிகள் மூன்றரை, நான்கு வினாடிகளில் கடந்திருந்தன. அவற்றைப் பற்றி நாங்கள் சொல்லி வந்தது பொய்யன்று. எனினும் மூன்று வினாடிக்குக் கீழே இருந்தவற்றுள் பாதிக்கு மேல் எங்கள் ஊர் வண்டிகள். எல்லா நாள்களிலும் மிக மோசமான நேரம் எது தெரியுமா? ஞாயிறு காலை ஆறு ஐம்பது முதல் ஏழு வரை. ஏழு மணித் திருப்பலிக்குப் பிந்திவிட்ட நாங்கள்தாம் அது. "வெள்ளைக் கார், பின்கண்ணாடியில் வேளாங்கண்ணி மாதா படம், இரண்டே முக்கால் வினாடி" என்று அவர் படித்தபோது, அத்தகைய கார் வைத்திருக்கும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலைகுனிந்தார்கள். வேறொரு சமயமாக இருந்தால் சிரித்திருப்போம்.

பிறகு அவர் பதிவேட்டை மூடிவிட்டு, மருத்துவமனைக்குப் போன பத்துப் பேரில் தாமும் ஒருவர் என்று சொல்லி, மேலே பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

2024-ஆம் ஆண்டு தவக்காலத்தின் முதல் வாரத்தில் நாங்கள் அண்ணனின் வீட்டுக்குப் போனோம். போவதற்கு முன் ஒரு வழக்குரைஞரைக் கலந்தோம். உண்மையைச் சொல்லி இழப்பீடு கேட்க வழியுண்டா என்று கேட்டதற்கு, விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது என்றும், அந்தக் காலம் கடந்துபோயிற்று என்றும், மருத்துவமனைப் பதிவிலும் தவறி விழுந்ததாகவே இருப்பதால் மிகவும் கடினம் என்றும் அவர் கூறினார். வெறுங்கையோடுதான் போனோம்.

ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும் காலம் அது. பால்வெட்டு ஓய்ந்திருந்தது. வீட்டு முற்றத்தில் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, பழைய சிரட்டைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். யாருக்காக என்று கேட்க எங்களுக்குத் துணிவில்லை. தலைமையாசிரியர்தாம் பேசினார். நாங்கள் செய்தது தவறு, எங்களை மன்னிக்க வேண்டும் என்று நின்றபடியே சொன்னார்.

"இரியுங்க சாரே" என்றார் அண்ணன். எல்லாரும் அமர்ந்தபின் சொன்னார்: "அந்தப் பிள்ளையைக் காட்டிக் கொடுக்கல்லியேன்னு எனக்கு வருத்தமே கிடையாது. நானும் பிள்ளை பெத்தவன்தான். அண்ணைக்கு நீங்க பத்துப் பேரு வந்தீங்க, ஜெபம் சொன்னீங்க. அவன் மட்டும் வரல்லியே. இந்த ஒண்ணரை வருசத்துல ஒரு நாளும் வரல்லியே."

எங்களிடம் அதற்கு மறுமொழி இல்லை. அவனை வரவிடாமல் தடுத்தவர்களும் நாங்களே. ஊர் முழுவதும் தெரிந்துவிடும், காவல்துறை காதுக்குப் போய்விடும், பிள்ளையின் மனம் உடைந்துவிடும் என்று சொல்லி, அந்தப் பக்கமே போகாதே என அவனுக்கு அறிவுரை சொல்லியிருந்தோம். ஒரு பதினாறு வயதுப் பிள்ளை சுமக்க வேண்டிய குற்றத்தை அவன் தோளிலிருந்து இறக்கிவிட்டதாக எண்ணிக்கொண்டு, இறக்கி வைக்க இடமே இல்லாதபடி செய்துவிட்டோம் போலும்.

பையன் அப்போது வெளியூர்க் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். புனித வாரத்தில் ஊருக்கு வந்தவன், பெரிய வியாழனன்று மாலை, பாதம் கழுவும் சடங்கு முடிந்து எல்லாரும் நற்கருணை ஆராதனையில் இருந்த வேளையில், தனியாக அண்ணனின் வீட்டுக்குப் போனான். நடந்தே போனான். ஏறக்குறைய ஒரு மணி நேரம் உள்ளே இருந்தான். அவர்கள் என்ன பேசினார்கள் என்பதை இருவரும் எவரிடமும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதன்பின் பையனின் தந்தை மாதந்தோறும் ஒரு தொகையை அவ்வீட்டில் கொடுத்து வருகிறார். சட்டப்படி கிடைத்திருக்கக் கூடியதற்கு அது ஈடாகாது.

அன்று நாங்கள் விடைபெற எழுந்தபோது அண்ணன் கேட்ட கேள்வியைச் சொல்ல மறந்துவிட்டோம். "அந்த வளைவுல விளக்குப் போட்டாச்சா மக்கா?" என்று கேட்டார். போடவில்லை. லாரியையும் வெளியூரையும் அரசையும் பற்றி இரண்டு ஆண்டுகள் பேசிய நாங்கள், வளைவில் ஒரு விளக்கு இல்லை என்பதை எந்த மனுவிலும் எழுதவில்லை. விடியலுக்கு முன்னே அந்த வழியில் வேலைக்குப் போகிறவருக்குத்தான் அது தெரிந்திருந்தது.

மனு எழுதினோம். தெருவிளக்கு வருவதற்கு நான்கு மாதங்கள் ஆயின. அதுவரை காத்திருக்க மனமில்லாமல், குருசடியின் மின் இணைப்பிலிருந்தே கம்பி இழுத்து, சாலையைப் பார்த்தாற்போல ஒரு விளக்கைக் கட்டினோம். அவ்வாண்டு இறுதியில் முறையான அளவில், வெள்ளைக் கோடுகளோடும் ஒளிரும் வில்லைகளோடும் இரண்டு வேகத்தடைகளும் வந்தன. லாரிகள் இன்னமும் வருகின்றன. ஞாயிறு காலைகளில் எங்களில் பலர் பத்து நிமிடம் முன்னதாகவே வீட்டை விட்டு நடக்கத் தொடங்கிவிட்டோம். எல்லாரும் அல்லர். தலைமையாசிரியரின் கண் பார்வை மங்கிவிட்டதால், குருசடித் திண்ணையில் இப்போது அண்ணன் உட்காருகிறார். கடிகாரத்தைப் பார்த்து வினாடியைச் சொல்வது அவர். பதிவேட்டில் எழுதுவது மறைக்கல்விப் பிள்ளைகள்.